நானூற்றுப் பன்னிரண்டு பென்சில் குறிகள்

நான் அழித்த பென்சில் குறிகள் நானூற்றுப் பன்னிரண்டு. தொகையில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் அதுவே வந்தது. அவற்றில் எத்தனை அந்த ரஷ்யருடையவை என்பதில்தான் இன்றைக்கும் பத்தொன்பது இடிக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முன் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இருபத்தொரு வருடம் பரீட்சை விடைத்தாள்களை எண்ணியிருந்தேன். கட்டு வந்ததும் எண்ண வேண்டும். திருத்துபவரிடம் போகும்போது எண்ண வேண்டும். திரும்பி வந்ததும் எண்ண வேண்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டு குத்தியிருக்கும்: எத்தனை தாள், எந்தப் பக்கத்தில் எத்தனை திருத்தம். துண்டில்லாத கட்டை நான் கையால் தொட்டதில்லை.

லண்டனில் எனக்குக் கிடைத்த வேலை ஓர் இசைப் பதிப்பகத்தின் நிலக்கீழ் அறையில். நோர்பரியில் ரெயின் ஏறி விக்டோரியாவில் இறங்கினால் பதினொரு நிமிட நடை. மழை என்றால் பதின்மூன்று. அந்த அறைக்கு நூலகம் என்று பெயர், ஆனால் வாசிக்க ஒருவரும் வருவதில்லை. ஒரு சிம்பொனி என்பது ஒரு புத்தகம் அல்ல என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். வயலின்காரருக்கு ஒரு புத்தகம், புல்லாங்குழல்காரருக்கு ஒன்று, டிரம்போன்காரருக்கு ஒன்று என்று தனித்தனிப் புத்தகங்கள். நடத்துபவருக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் முழுப் பிரதி. இசைக்குழுக்கள் இவற்றைப் பெட்டியோடு வாடகைக்கு எடுக்கும், வாசிக்கும், திருப்பி அனுப்பும்.

வாசிப்பவர்கள் புத்தகத்தில் பென்சிலால் கீறுவார்கள். இங்கே மூச்சு எடு, இங்கே வில்லை மேலே இழு, இங்கே நடத்துபவரைக் கவனி. கவனி என்பதற்கு ஒரு மூக்குக்கண்ணாடிப் படம் கீறுவது அவர்களுடைய வழக்கம். திருப்பும்போது அழித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒருவரும் அழிப்பதில்லை. அதனால்தான் என்னை வைத்திருந்தார்கள். புத்தகங்களை எண்ணினேன், பக்கங்களை எண்ணினேன், குறிகளை அழித்தேன். அழிப்பதற்கு முன் அவற்றையும் எண்ணித் துண்டு எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. துண்டில்லாமல் பெட்டியை மூட எனக்குக் கை வராது.

எங்கள் மேற்பார்வையாளர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. நாளைக்குப் பதினெட்டு சிகரெட். முதல் துண்டைக் கண்டபோது, "டியர், அழிச்ச சாமானுக்குக் கணக்கு வைச்சிருக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றார். அவரும் அந்த ரஷ்யரும் நானும் பேசியது ஆங்கிலத்தில்தான். அந்த ஆங்கிலம் ஒருவருக்குத்தான் சொந்தம், மற்ற இருவருக்கும் இரவல். இங்கே எல்லாவற்றையும் எனக்கு வாய்த்த தமிழில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம் இரண்டு பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரு ரஷ்யருடைய இரண்டாவது சிம்பொனி. ஐம்பத்து நான்கு புத்தகங்கள், அச்சடித்தவை அல்ல, கையால் பிரதி செய்தவை. எடுத்திருந்தது தென் லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் குழு. டாக்குத்தர்மாரும் ஆசிரியர்களும் பொழுதுபோக்குக்கு வாசிப்பது. அதை நடத்தியவரும் அந்த ரஷ்யரே. புத்தகங்களில் பென்சில் மண்டிக் கிடந்தது. நான் ஒன்பது வேலைநாட்கள் எடுத்து, மென்மையான அழிறப்பரால், தாள் நோகாமல் அழித்தேன். சரித்துப் பிடித்தாலும் தடம் தெரியாது. கொழும்பிலும் லண்டனிலுமாக இருபத்தேழு வருட வேலையில் அவ்வளவு துப்புரவாக நான் எதையும் செய்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, இருபத்திரண்டாம் நாள், அவரே வந்தார். எழுபது தாண்டிய, உயரமான, மெலிந்த மனிதர். நெஞ்சு வருத்தத்தால் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். கறுப்புக் கோட்டு தோளில் தொங்கியது. இரண்டாவது சிம்பொனிப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். முதல் வயலின் புத்தகத்தை விரித்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார்.

"இது வேற புத்தகம்" என்றார்.

"இல்லை சேர், அதுதான். நான் துப்புரவாக்கினனான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க முடியாது.

அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் தேநீர் கொண்டுவந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வானொலி இசைக்குழு ஒன்று அந்தச் சிம்பொனியைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டிருந்தது. தேர்ந்த இசைக்குழு ஒன்று அதை வாசிக்கப் போவது அதுதான் முதல் தடவை. அவர் வயதுக்கும் நெஞ்சுக்கும் அநேகமாகக் கடைசித் தடவையும் அதுவே. ஆறு கிழமைக்குள் புத்தகங்கள் போய்ச்சேர வேண்டும். தேவாலய மண்டபத்தில் ஏழு மாதம் ஒத்திகை பார்த்து, கேட்டுக் கேட்டு, அவர் அந்தச் சிம்பொனியைத் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தங்கள் எல்லாம் வாசிப்பவர்களின் புத்தகங்களில், பென்சிலில்.

"முழுப் பிரதியிலை எழுதேல்லையோ, சேர்?" என்று கேட்டேன்.

"முழுப் பிரதியிலை ஆர் எழுதுவினம்?" என்றார், நான் பைத்தியக்காரக் கேள்வி கேட்டது போல.

வொல்கா ஆற்றங்கரையில் ஒரு சிறிய நகரத்து நாடக மண்டபத்தில் அவர் இருபத்தாறு வருடம் இசைக்குழு நடத்தியவர். அங்கே முழுப் பிரதி என்பது அரசாங்கக் குழு ஒன்று கூடிப் பார்த்து முத்திரை குத்திய பத்திரம். அதில் ஒரு புள்ளி மாறினாலும் திரும்பவும் குழு, திரும்பவும் முத்திரை. ஆகவே முழுப் பிரதியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியதை வாசிப்பவர்களின் புத்தகத்தில் பென்சிலால் மாற்றுவது அங்கே எல்லாருடைய வழக்கம். லண்டனில் முத்திரை குத்த ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவர் கை அந்த வழக்கத்தை விடவில்லை. என் கையும் என் வழக்கத்தை விடவில்லை. கெட்டிக்காரனில்லாத எந்தக் கிளாக்கரும் பாதியை அழித்துவிட்டுப் பெட்டியை மூடியிருப்பான்.

"ஒப்பந்தத்திலை அழிக்கச் சொல்லித்தான் இருக்கு, மேஸ்ட்ரோ" என்றார் மேற்பார்வையாளர். "இவரிலை பிழை இல்லை."

"ஓம், ஓம். பிழை இல்லை. கனக்க இருந்திருக்கும் என்ன?"

"நானூற்றிப் பன்னிரண்டு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணினீரோ?"

"எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனை எண்டு துண்டு இருக்கு, சேர்."

துண்டை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்து வாசித்தார். நான்கு தாள்கள், இரண்டு பக்கமும். பிறகு அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

"கொலீக்" என்றார். அவருடைய நாடக மண்டபத்தில் வாத்தியக்காரர்களை அப்படித்தான், சகதொழிலாளி என்று, அழைப்பார்களாம். அன்றிலிருந்து நானும் கொலீக். "நீர் எண்ணிக்கையைச் சொல்லும். நான் என்னதெண்டு யோசிக்கிறன்."

எங்கள் இருவருக்கும் வசதிப்பட்ட நாள் சனிக்கிழமை, ஆனால் அன்றைக்கு நூலகம் பூட்டு. பெட்டிகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. மேற்பார்வையாளர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "நான் மேலை போறன். வரப் பத்து நிமிசம் செல்லும்" என்றார். இரண்டு பெட்டிகளையும் ஒரு தள்ளுவண்டியில் கட்டி ரெயினில் ஏற்றினேன். வழியெல்லாம் யாரோ கைகாட்டி நிறுத்தப் போகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மனைவி கதவைத் திறந்து பெட்டிகளைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, வேலையைப் பற்றி வீட்டை வந்து புறுபுறுக்கிறது காணாதெண்டு வேலையையே கொண்டந்திட்டியளோ?"

"ரெண்டு பெட்டிதானே."

"ரெண்டெண்டு எனக்கும் எண்ணத் தெரியும். எங்கை வைக்கிறது எண்டு சொல்லுங்கோ."

சாப்பாட்டு மேசையில் வைத்தோம். ஐந்து சனிக்கிழமைகள் நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

அவர் வசித்தது ஸ்ட்ரெதமில், எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன். பத்து மணிக்கு என்று சொல்லிப் பத்து ஐந்துக்கு வருவார். முதல் சனிக்கிழமை மனைவி இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். அவர் மரியாதைக்கு எல்லாவற்றையும் சாப்பிட்டு, மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து, வழுக்கையில் வடிந்த வியர்வையைத் துடைத்தார். "பாவம், மனுசனுக்கு உறைச்சுப் போச்சுது" என்று மனைவி கவலைப்பட்டார். அடுத்த கிழமை அவர் கறுப்புப் பாண் ஒன்றை, தங்கள் ஊர் ரொட்டியாம், பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அதற்குத் தேசிக்காய் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

"பாணுக்கு ஊறுகாயோ!" என்றார் மனைவி. "இந்தாள் எங்கடை ஆளுமில்லை, வெள்ளைக்காரருமில்லை."

அவர் தன் வாழ்க்கையை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையில் துண்டு துண்டாகச் சொன்னதை நான்தான் அடுக்கிக்கொண்டேன். தகப்பன் ரெயில்வேயில் கைகாட்டி வேலை. லெனின்கிராட்டில் படிப்பு. போரில் பட்டாளத்து வாத்தியக்குழுவில் கிளாரினெட். பிறகு அந்த நாடக மண்டபம். அங்கே மூவாயிரத்து நூறு மேடை ஏறினேன் என்றார். இருபத்தாறால் வகுத்துப் பார்த்தேன், வருடத்துக்கு நூற்றுப் பத்தொன்பது, நம்பக்கூடியதுதான். எழுதியவை அறுபத்து மூன்று. சிம்பொனி மூன்று, மேடையேறாத ஒப்பெரா ஒன்று, சிறுவர்களுக்கான நாட்டிய நாடகம் ஒன்று, பாட்டுகள் முப்பத்தெட்டு, ஊர்வல இசை மூன்று, படங்களுக்கு இசை பதினேழு. அந்தப் பதினேழில் ஒன்பது அணைக்கட்டுகளைப் பற்றியவை.

"அணைக்கட்டுக்கு என்ன இசை, சேர்?"

"கொம்பு வாத்தியம். தண்ணி திறந்துவிட்டவுடனை எல்லாரும் சேந்து. ஒன்பது படத்துக்கும் ஒரே இசைதான் எழுதினனான். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை."

முதல் சிம்பொனி அங்கே இரண்டு முறை வாசிக்கப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகை அதில் மேகமூட்டம் அதிகம் என்று எழுதியதோடு நின்றுபோனது. எழுபதுகளின் முடிவில் மனைவியோடு லண்டனுக்கு வந்தார். இரண்டாவதை ஸ்ட்ரெதமில் எழுதினார். அவர் எழுத எழுத மனைவி குசினி மேசையில் ஐம்பத்து நான்கு புத்தகங்களையும் பிரதி செய்தாராம். அது முடிந்த வருடமே அந்த அம்மா இறந்துபோனார். மூன்றாவது இன்றைக்கும் ஒரு அலுமாரியில் இருக்கிறது.

எங்கள் வேலை இப்படி நடந்தது. நான் துண்டைப் பார்த்து, "இரண்டாம் கிளாரினெட். அஞ்சாம் பக்கம். நாலு" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையைக் காற்றில் ஆட்டி, வாய்க்குள் முனகுவார். பிறகு விரலை வைப்பார். இங்கே மெதுவாக. இங்கே இந்தச் சுரம் அல்ல, அதற்குக் கீழ். இங்கே மூச்சு விடக் கூடாது. புதிய திருத்தத்தை அவரே கறுப்பு மையால் எழுதுவார்.

"மூண்டு" என்பார்.

"நாலு, சேர்."

"மூண்டுதான் ஐயா!"

"நான் நாலு அழிச்சனான்."

"அப்ப மற்றது அந்தப் பல்டாக்குத்தர் போட்ட மூக்குக்கண்ணாடி. அவர் ஒருநாளும் என்னைப் பாத்ததில்லை."

வாத்தியக்காரர் போட்டவற்றைக் கழிக்க எனக்கு ஒரு நிரல், அவருடையவற்றுக்கு ஒரு நிரல், தெரியாதவற்றுக்கு ஒரு நிரல். மூன்றாம் சனிக்கிழமை முதல் டிரம்போனுக்கு வந்தோம். ஆறாம் பக்கம், ஒன்று.

"டிரம்போனுக்கு நான் ஒண்டுமே எழுதேல்லை" என்றார்.

நான் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்.

"நில்லும். என்னது அது?"

"படம், சேர்."

"என்ன படம்?"

"காகம். கையிலை ஒரு நடத்துற தடியோடை."

அவர் தன் கறுப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார். "வடிவாக் கீறியிருந்தவங்களோ?"

"வடிவாத்தான் இருந்தது."

"அதையும் அழிச்சிட்டீரே, பாவி!" என்று மேசையில் அடித்துச் சிரித்தார். சொதிச் சட்டியோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான்காம் சனிக்கிழமைதான் உண்மையான ஆபத்து தெரிந்தது. சிம்பொனியின் நாலு பகுதிகளில் மூன்றாவதில் அவர் நடுவில் ஒரு நீளத்தையே வெட்டி எறிந்திருந்தார். இசையைக் கோடுகளால் சிறு கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். கட்டங்களுக்கு எண் உண்டு. ஒரு கட்டத்தில் வாசிப்பதை நிறுத்தி, சில கட்டங்களைத் தாண்டி, இன்னொன்றில் தொடங்க வேண்டும். டிரம்போன் மூன்றும் ரியூபாவும் அந்தப் பகுதியில் சும்மா இருப்பவை. மற்ற ஐம்பது புத்தகங்களிலும் தொடக்கத்துக்கு ஒரு குறி, முடிவுக்கு ஒரு குறி, மொத்தம் நூறு. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை? அவருக்கு ஞாபகம் இல்லை. நெஞ்சு நோகத் தொடங்கியது அந்த ஒத்திகையில்தான்.

கையைக் காற்றில் ஆட்டிப் பார்த்தார். எழுந்து யன்னலருகே போய் நின்றார். "வெட்டாமல் விட்டால் நீளம். பிழையா வெட்டினால் நொண்டும். அனுப்பாமல் விடுறதுதான் நல்லது போலை" என்றார்.

அன்றைக்கு அவர் போன பிறகும், ஞாயிறு முழுவதும், நான் மேசையை விட்டு எழும்பவில்லை. மனைவி இரண்டு முறை வந்து என் பிரஷர்க் குளிசையை நினைவூட்டினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாத்தியத்தின் புத்தகத்திலும் பக்கம் முடியும் இடம் வேறு வேறு. வியோலாப் புத்தகத்தில் பதினோராம் பக்கம் 203ஆம் கட்டத்தில் தொடங்குகிறது. பத்தாம் பக்கத்தில் குறி இல்லை, பதினோராம் பக்கத்தில் இரண்டு. ஆகவே வெட்டு 203க்கு முன் தொடங்கியிருக்க முடியாது. இரண்டாம் ஓபோவின் ஏழாம் பக்கம் 209இல் முடிகிறது, அதில் குறி ஒன்று. ஆகவே 209க்குப் பின் தொடங்கியிருக்கவும் முடியாது. கொம்பு வாத்தியத்தின் ஆறாம் பக்கத்தையும் பெரிய பாஸ் வயலினின் எட்டாம் பக்கத்தையும் வைத்து முடிவையும் இப்படியே நெருக்கினேன். 231க்கும் 236க்கும் இடையில்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவருக்குப் போன் எடுத்தேன். தொடக்கத்துக்கு ஏழு கட்டம், முடிவுக்கு ஆறு கட்டம், இவற்றுக்குள்தான் இருக்க வேண்டும் என்றேன். மறுபக்கம் முழுப் பிரதியைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"துவக்கம் 206" என்றார். "அதிலை சந்தேகமில்லை, மற்ற இடத்திலை வெட்டேலாது. முடிவு 232 ஆ இருக்கலாம், 234 ஆவும் இருக்கலாம்."

ஐந்தாம் சனிக்கிழமை வந்தபோது 234 என்று தீர்மானித்திருந்தார். பேனையை என் பக்கம் தள்ளினார். நூறு கோடு போட ஏலாது என்றார். நான் போட்டேன். கோடு கட்டத்தின் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். ஐம்பதாவது புத்தகம் வந்தபோது, "கொலீக், கடவுளாணை, அதே பக்கம்தான்" என்றார். எல்லாம் முடிந்து கூட்டினால்: வெட்டுக்கு நூறு, அவருடைய மற்றத் திருத்தங்கள் நூற்று எண்பத்தேழு, வாத்தியக்காரர் போட்டவை நூற்றாறு. மீதி பத்தொன்பது.

பதிவு ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் அரைநாள் லீவு எடுத்தேன். நடத்தியவர் வேறொருவர், நெஞ்சு காரணமாக இவரை டாக்குத்தர் விடவில்லை. நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சுவரில் மணிக்கூடு. முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாவது ஒரு தடவை. மூன்றாவது தொடங்கியதும் அவர் மடியில் விரித்திருந்த முழுப் பிரதியில் கட்ட எண்களைப் பின்தொடர்ந்தேன். ஐம்பது புத்தகத்தில் ஒன்றில் நான் கோட்டைத் தள்ளிப் போட்டிருந்தாலும் ஒருவர் தனியாக எங்கேயோ போய் நிற்பார், உலகமே கேட்கும். 206 வந்தது. எல்லாரும் ஒன்றாகத் தாண்டி 234இல் ஒன்றாக இறங்கினார்கள். ஒருவரும் பிந்தவில்லை.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் விரல் முழுப் பிரதியில் 234இல் இல்லை. 232இல் இருந்தது.

"என்ன சேர்?"

"ரெண்டு கட்டம்" என்றார் காதுக்குள். "புல்லாங்குழல் தனிய வரும். அதுக்காகத்தான் அந்த இடத்திலை திரும்பத் துவங்கினனான். இப்ப கேக்கேக்கைதான் ஞாபகம் வருது."

பகுதி முடிந்தது. ஒலிபெருக்கியில் நடத்துபவரின் குரல், இசையமைப்பாளருக்குத் திருப்தியா என்று கேட்டது. அவர் எழுந்து நின்று, "மிக்க நன்றி, மிக்க நன்றி" என்றார். முத்திரை குத்தும் குழுவுக்கு முன்னால் நிற்பதுபோலவே நின்றார்.

"சொல்லுங்கோ, சேர்."

"வேண்டாம். மையாலை எழுதிக் குடுத்தாச்சு. கேட்டால், இன்னும் முடிக்கேல்லை எண்டு மூடிப்போடுவாங்கள்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். மீதி ஐம்பத்திரண்டு நிமிடம். நாலாம் பகுதி பதினொரு நிமிடம், இரண்டு தடவை என்றாலும் இருபத்திரண்டு. மூன்றாவதைத் திரும்ப வாசிக்க ஒன்பது. முப்பத்தொன்று. இடம் இருந்தது. எனக்கு அறிமுகமில்லாதவர்களிடம் நான் நேரம்கூடக் கேட்பதில்லை. ஒலிப்பதிவாளரின் தோளைத் தொட்டேன்.

"மன்னிக்க வேணும். நான் நூலகத்து ஆள். புத்தகத்திலை பிழை. 234 இல்லை, 232 இலை துவங்க வேணும். பிழை என்ரை."

அவர் ஒரு பொத்தானை அழுத்தி அதை அப்படியே சொன்னார். நூலகத்தின் பிழை என்றதும் வாத்தியக்காரர் எல்லாரும் காலால் தரையைத் தேய்த்தார்கள். அது அவர்களுடைய கேலி. பிறகு சட்டைப் பைகளிலிருந்தும் புத்தகம் வைக்கும் தாங்கிகளின் விளிம்பிலிருந்தும் பென்சில்கள் வந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் பத்து மணிநேரம் போட்ட கோடுகளில் முடிவுக் கோடு ஐம்பதும் அடிபட்டுப் புதுக் கோடு விழுந்தது.

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றார் அவர், என்னைப் பாராமல்.

"நேரம் இருந்தது, சேர்."

திரும்ப வாசித்தார்கள். 206 வந்தது, எல்லாரும் தாண்டினார்கள். புல்லாங்குழல் மட்டும் தொடங்கியது, மற்ற எல்லாரும் மடியில் கை வைத்துக் காத்திருந்தார்கள். இரண்டு கட்டம், எட்டுத் தட்டு. 234இல் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர் முழுப் பிரதியை மூடி முழங்காலில் வைத்தார். நாலாம் பகுதிக்கு அவர் அதைத் திறக்கவேயில்லை.